ஏழாவது வளையம்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் வளர்ந்த நம் வயதுக்காரர்கள் ஒன்றுகூடினால், பேச்சு ரயிலில் தொடங்கிக் கொத்துரொட்டியில் முடியும். இப்போது எல்லோருக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் உங்களில் யாராவது, "உங்கட வீட்டுக் கிணறு ஒருக்கா உப்பாப் போனதல்லோ, வாடகைக்கு இருந்த பெட்டை மோட்டரைப் போட்டுவிட்டு..." என்று தொடங்கினால் தேநீர் ஊற்றும் சாட்டில் எழுந்து போய்விடுவேன். அந்தக் கதையை என் அப்பாவிடமோ அம்மாவிடமோ நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது பொய். முப்பது வருடத்துக்கு மேலாக அதைப் பொய் என்று தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறேன்.

எங்களுடையது கடலில் இருந்து எண்ணினால் மூன்றாவது வளவு. தண்டவாளத்தைத் தாண்டினால் கல், கல்லைத் தாண்டினால் அலை. எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சிங்கள அம்மையாருக்குச் சொந்தம். பக்கத்து வீட்டில் அவர் தனியே இருந்தார். நாங்கள் நோனா என்று கூப்பிடுவோம். இரண்டு வளவுக்கும் நடுவே மதில், மதிலின் நடுவே கிணறு. பாதி வட்டம் அவருக்கு, பாதி வட்டம் எங்களுக்கு. காலையில் அவர் வாளி இறங்கும் சத்தமும் எங்கள் வாளி இறங்கும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் தண்ணீரில் என் தலையும் அவருடைய நரைத்த கொண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

வீட்டின் பின்னால் ஒரு அனெக்ஸ் இருந்தது. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி மூலை, அவ்வளவுதான். எனக்குப் பதினொரு வயதாக இருந்த வருடம் அதில் ஓர் அக்கா வந்து சேர்ந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, கையில் ஒரு பயணப்பை. ஊர் கீரிமலைக்குக் கிட்ட, கடற்கரை. அங்கே ஆமி வந்து முகாம் போட்ட பிறகு வீடு இல்லை. புருஷன் கனடாவில். அவன் கூப்பிடும் வரைக்கும் கொழும்பில் இருக்க ஒரு விலாசம் வேண்டும். அந்த நாட்களில் விலாசம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. வீட்டில் இருக்கிறவர்களின் பெயரை எழுதி, வீட்டுச் சொந்தக்காரர் ஒப்பமிட்டு, பொலிசில் பதிய வேண்டும். ரோட்டில் மறித்தால் கேட்பது அந்தத் துண்டைத்தான். வடக்கிலிருந்து வந்தவளுக்கு அது இல்லாவிட்டால் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். நோனா எங்கள் படிவத்தில் அவளையும் குழந்தையையும் சேர்த்து ஒப்பமிட்டார். எங்கள் நாலு பேருடைய விலாசமும் அதே ஒப்பத்தில்தான் தொங்கியது. நாலாவது ஆள் என் அண்ணன். பதினெட்டு வயது.

அக்கா எங்கள் கிணற்றைக் கண்டதும் சிரித்தாள். இது கிணறு இல்லை, பெரிய வாளி என்றாள். ஆனால் அந்தத் தண்ணீரை அவளைப் போல மதித்தவர்கள் யாரும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரில் துணி அலசுவாள், துணி அலசியதை வாழைக்கு ஊற்றுவாள். ஒரு பின்னேரம் என்னையும் குழந்தையையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கடல் வற்றியிருந்தது. ஈர மணலில் ஒரு சிரட்டையால் முழங்கை ஆழத்துக்குக் கிண்டினாள். தண்ணீர் மெதுவாக ஊறியது. அதில் விரலைத் தோய்த்து நக்கிப் பார்க்கச் சொன்னாள். மணல் நறநறத்தது, ஆனால் உப்புக் கரிக்கவில்லை. நான் நம்பவில்லை. ஓடிப்போய்க் கடலில் விரலை நனைத்து நக்கிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் குழியில் நக்கினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நிலத்துக்குக் கீழால நல்ல தண்ணி கடலுக்குப் போய்க்கொண்டிருக்குது," என்றாள். "அது தள்ளிக்கொண்டு போறபடியாத்தான் உப்பு இங்கால வராமல் நிக்குது."

அந்த வருடம் மழை பொய்த்தது. குழாயில் விடிகாலை ஒரு மணித்தியாலம் நூல்போல வரும், பிறகு காற்றுத்தான். இரண்டு வீடும் குளித்தது, சமைத்தது, துவைத்தது எல்லாம் கிணற்றில். தண்ணீர் இறங்க இறங்க ஒரு பாசி மணம் வந்தது. இலைகள் அழுகிக் கிடந்தன. அப்பாவுக்கு உடனே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் பிறந்தது கடலைக் காணாத செம்மண் பக்கம். அங்கே வருடத்தில் ஒரு நாள் கிணற்றை அடியோடு இறைத்து, சேறு அள்ளி, சுண்ணாம்பு போட்டு, புது ஊற்று வருவதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள். இறைக்காத கிணறு குளிக்காத ஆளைப் போல என்பார். கந்தோரில் கோப்புத் தள்ளுகிற மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நின்றால் ஏதோ பட்டம் கட்டின முகம். கிணற்றை இறைக்கப் போகிறேன் என்று அறிவித்தார்.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அனெக்ஸ் வாசலில் நின்றாள். வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரனுக்குப் புத்தி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"அண்ணை, அடியோட இறைக்காதேங்கோ," என்றாள். "இது கடற்கரைக் கிணறு. நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் கிடக்குது. மழையும் இல்லை. ஒட்ட இழுத்தியளெண்டால் உப்பு ஏறிடும்."

அப்பா சிரித்தார். அம்மாவிடம் குசினிக்குள் போய், கிணறு இறைக்க எனக்குப் படிப்பிக்கிறா என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இழுக்கும் மோட்டரைக் கிணற்றடியில் இறக்கிவைத்தபோது அடியோடு என்ற பேச்சு இல்லை. உள்ளே கொங்கிரீட் வளையங்கள் அடுக்கியிருக்கும் அல்லவா, மேலிருந்து ஏழாவது வளையத்தின் விளிம்பு தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும் என்றார். அவள் சொன்னதற்காக என்று சொல்லவில்லை. அவருக்குச் சுண்ணாம்பு வாங்கப் பாமன்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணன் ரியூஷனில். அம்மா குசினியில். அக்கா குழந்தையை நித்திரையாக்கிக் கொண்டிருந்தாள். காவலுக்கு என்னை நிறுத்தினார். ஏழு, ஏழு என்று இரண்டு முறை என்னைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.

நீங்கள் நினைப்பீர்கள், சின்னப் பிள்ளை, மறந்துபோய் விளையாடியிருக்கும் என்று. அப்படியே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மறக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் கிணற்றில் போட்டிருந்தேன். அது அம்மாவின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. மூடியில் ஒரு சின்ன மாங்காய் வேலைப்பாடு. கிணற்றுக் கட்டில் வைத்து விளையாடியபோது கை தட்டியது, ப்ளக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அம்மா வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். கட்டிலுக்குக் கீழே எல்லாம் குனிந்து பார்த்தேன், அவ்வளவு நடிப்பு. கிணறு இறைக்கப் போகிறார்கள் என்றதும் ஒரே நினைப்புத்தான்: அடியைக் கண்டால் எடுத்து, எங்கேயோ கிடந்தது என்று அலுமாரிக்குள் வைத்துவிடலாம்.

மோட்டர் இழுத்தது. வளையம் வளையமாகத் தண்ணீர் இறங்கியது. ஆறு வந்தது. ஏழு வந்தது. கையைச் சுவிச்சில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். கலங்கல் தண்ணீருக்குள் ஏதோ மினுங்கியது போல இருந்தது. எட்டும் வந்தது. பிறகு அடி தெரிந்தது. ஒரு வாளி வளையம், துருப்பிடித்த கொளுக்கி, பொம்மையின் கை, சவர்க்காரப் பெட்டி மூடி, சிப்பியும் சோகியும் கலந்த வெள்ளை மணல். கடல் பக்கத்து வளையத்தின் அடியால் மணலைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. அடியை மறைத்தது. மோட்டர் இழுத்தது, மறுபடியும் தெரிந்தது. தெரிவதும் மறைவதுமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருந்தேன். அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழியில் விரல் தோய்த்து நக்கியவள்தானே நான். சிமிழ் தெரியவில்லை. மோட்டர் கறகறவென்று கத்தத் தொடங்கியதும் பயந்து நிறுத்தினேன்.

அப்பாவைப் பாமன்கடைச் சோதனைச்சாவடியில் நெடுநேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். அவர் வரும்போது தண்ணீர் ஏழாவது வளையத்துக்கு மேல் ஏறி நின்றது. ஏழில் நிறுத்தினியா என்று கேட்டார். ஓம் என்றேன். மோட்டரில் கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். சுண்ணாம்புப் பையை அவிழ்க்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் தேநீர் கரித்தது. அம்மா சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள் என்று அண்ணன் கேலி செய்தான். பிறகு சோறு கரித்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை, தலைமயிர் தும்புபோல நின்றது. ஒரு கிழமையில் நோனாவின் குரோட்டன் இலைகள் ஓரம் கருகின. அக்காவின் குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. அக்கா கிணற்றடியில் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினாள். அம்மாதான் பேசினாள்: கரிநாக்கு, சொன்னாள், சொன்னபடி நடந்துவிட்டது என்றாள். எச்சரித்தவள் மேலேயே பழி. நான் அதைக் கேட்டு உள்ளுக்குள் மெல்ல மூச்சு விட்டேன்.

பிறகு ஒரு நாள் காலையில் நோனா ஒரு கண்ணாடிக் கோப்பையில் கிணற்றுத் தண்ணீரோடு எங்கள் முன்வாசலால் வந்தார். பின்வாசலால்தான் வழக்கமாக வருவார். கோப்பையை மேசையில் வைத்தார். நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும். அன்றைக்கு மத்தியானம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மோட்டர் ஓடியதைத் தன் கட்டிலில் கிடந்தபடியே கேட்டதாகச் சொன்னார். தன் தாயார் காலத்திலும் இந்தக் கிணறு கரித்ததில்லை என்றார். ஆறு பேருக்குத் தான் ஒப்பமிட்டிருப்பதையும், பொலிஸ் வந்தால் தன்னிடம்தான் கேட்கும் என்பதையும் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. இப்படியென்றால் வீட்டைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டி வரும் என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மோட்டரைப் போட்டது யார் என்று கேட்டார்.

அப்பா கோப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மேசையில் வைத்தார். பிறகு, தான் வீட்டில் இல்லாத நேரம் அனெக்ஸ்காரி துணி துவைக்கப் போட்டுவிட்டாள் என்றார். அப்பா சொன்னது அரைகுறைச் சிங்களம். ஆனால் அந்த வசனத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அவர் திரைப் பக்கம் திரும்பவேயில்லை. நான் அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நோனா பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் அவள் போகட்டும், நீங்கள் இருங்கள் என்றார். எழும்பிப் போகும்போது "பவ்" என்று தனக்குள் சொன்னார். பாவம் என்று அர்த்தம்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. எங்கள் வீட்டில் தின்றது ஒருத்தி, குடிக்கப் போனது இன்னொருத்தி.

அன்று பின்னேரம் அக்காவை முன் விறாந்தைக்குக் கூப்பிட்டார்கள். நான் மேசையில் இலங்கைப் படத்துக்குக் கடல் நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா நோனா மேல் போட்டுப் பேசினார், மோட்டரைப் போட்டது நீயெண்டு அவ போகச் சொல்லிப்போட்டா, எங்களால் ஒன்றும் செய்யேலாது என்று.

"நான் அண்டைக்கு மோட்டருக்குக் கிட்டவும் போகேல்லை அண்ணை," என்றாள் அக்கா.

அவள் என் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து பார்க்காமலே எனக்கு அது தெரிந்தது. நீலப் பென்சிலை அழுத்தினேன், முனை உடைந்தது. ஒரு வார்த்தை போதும். அப்பா, நான்தான். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சொன்னால் அடி விழும், சிமிழ் கதையும் வெளியே வரும். ஒரு சிமிழுக்கும் இரண்டு அடிக்கும் பயந்து ஒரு தாயையும் குழந்தையையும் நான் ரோட்டுக்கு அனுப்பினேன். பதினொரு வயது என்று உங்களில் சிலர் எனக்கு ஆறுதல் சொல்வீர்கள். பதினொரு வயதில் நான் விகிதாசாரக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கியது.

"சரி," என்றாள் அவள் கடைசியில். "எனக்குப் பதிவை மட்டும் மாத்தித் தாங்கோ. விலாசம் இல்லாமல் பிள்ளையோட நிக்கேலாது."

அப்பா ஓம் என்றார்.

இரண்டு நாளில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை கிடைத்தது. திரீவீலர் வந்த சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அது போகும் வரைக்கும் வரவில்லை. வெளியே வந்தபோது அனெக்ஸில் குழந்தைப் பவுடர் மணம் மட்டும் இருந்தது. தரையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அப்பா பதிவை மாற்றவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார். பொலிஸ் மேசைக்கு முன் போய் நிற்க அவருக்குப் பயம். இளந்தாரி மகனை வைத்திருந்த எந்தத் தமிழனுக்கு அது இல்லை? கொட்டாஞ்சேனையில் ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. சில நாளில் ஒரு கான்ஸ்டபிள் ஒரு துண்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அதில் எங்கள் விலாசமும் அக்காவின் பெயரும் இருந்தன. தடுத்து வைத்திருக்கிறார்கள், தெரிந்தவர்கள் யாராவது வந்து ஒப்பமிட்டால் விடலாம் என்றார். அப்பா, கொஞ்ச நாள் இருந்தவள், போய்விட்டாள், அவ்வளவாகப் பழக்கமில்லை என்றார். அவருடைய கை கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. கான்ஸ்டபிள் போன பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

பிறகு கோயிலில் ஒருத்தி, அவளை விட்டுவிட்டார்களாம், குழந்தைக்குக் காய்ச்சலாம் என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. கனடாவில் இருப்பவர்கள் இதை வாசித்தால் உங்களிடம்தான் கேட்கிறேன். இப்போது அவளுக்கு அறுபது வயது இருக்கலாம். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரவும் பகலும் கொட்டியது, ஒழுங்கை ஆறாக ஓடியது. அப்பா மோட்டரைக் கழற்றி எப்போதோ விற்றுவிட்டிருந்தார். கார்த்திகை முடியும் முன்னே கிணற்றுத் தண்ணீரில் கரிப்புக் குறைந்தது, தைப்பொங்கலுக்குப் பழைய தண்ணீரே வந்துவிட்டது. நோனா வாயில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். மேலே விழுந்த மழை கீழே இறங்கி உப்பைக் கடலுக்கே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அது வேறு விதமாகப் பேசப்பட்டது. அவள் போனாள், கிணறு தேறியது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கல்யாண வீடுகளில், பிறந்தநாள்களில், உங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கதை சொல்லப்பட்டது. சொல்லச் சொல்ல அதற்குக் கண்ணும் மூக்கும் முளைத்தது. அவள் இரவிலும் மோட்டர் போட்டாள் என்று ஒரு முறை கேட்டேன். நான் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்பா போய்விட்டார். அம்மா கடைசி இரண்டு வருடம் என்னோடு இருந்தாள். ஒரு மத்தியானம் அவளுக்குச் சோறு குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மாடிக்கு வந்த ஒரு உறவுக்காரியிடம் அதே கதையைத் தொடங்கினாள். உறவுக்காரி போனதும் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிமிழை, ஏழாவது வளையத்தை, ஒரு மணித்தியாலத்தை, நீலப் பென்சிலை. சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "மோட்டர் ஓடினது குசினிக்குக் கேட்டது. அப்பாவுக்கும் தெரியும், மோட்டர் சுட்டதெண்டு அண்டைக்கே சொன்னவர். ஆரையோ ஒராளைச் சொல்லத்தானே வேணும். பெத்த பிள்ளையைச் சொல்லேலுமே? சொன்னால் எல்லாரும் அல்லோ வெளியில போக வேணும், உன்ர அண்ணனும்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. இத்தனை வருடமாக நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் மூன்று பேருக்குப் பங்கு இருக்கிறது என்று ஒரு கணம் உடம்பு இலேசானது. அந்த ஒரு கணத்துக்காக என்னை நானே அறைய வேண்டும் போல இருந்தது. எல்லோரும் தெரிந்துகொண்டே செய்திருக்கிறோம், தெரியாமல் போனவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்தேன். அதையும் வாய்விட்டுச் சொன்னேன்.

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். கோப்பையைக் கையில் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

"அவளுக்கும் தெரியும். ஜன்னலால உன்னைக் கண்டவளாம். திரீவீலர்ல ஏறேக்க என்ர கையைப் பிடிச்சுச் சொல்லிப்போட்டுப் போனவள், பிள்ளைக்கு அடிச்சுப்போடாதேங்கோ அக்கா எண்டு."

அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, என்னை ஒருவரும் அடிக்கவில்லை.